படகுக் கழிப்பறையும் வடிகாலும் அடைத்துக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 25 முதல் 45 அடி வரையுள்ள பாய்மரப் படகு, மோட்டார் படகுகளில் இருக்கும் கழிப்பறையைப் பற்றி. கடல்நீரை இழுத்து, கழிவை 38 மி.மீ. ஹோஸ் வழியாகப் படகிலுள்ள கழிவுத் தொட்டிக்கோ கடலுக்கோ தள்ளும் கைப்பம்ப் வகைதான் பெரும்பாலான படகுகளில் இருக்கிறது. வீட்டுக் கழிப்பறையில் கழிவு தன் எடையால் கீழே விழுந்து போய்விடும். படகில் அது நீர்மட்டத்துக்குக் கீழிருந்து மேலே ஏறி, ஒரு வளைவைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் தாமாகவே விளங்கும்.

பம்ப் கைப்பிடி அசைய மறுக்கிறது. முதலில் என்ன செய்வது?

அடிப்பதை நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினால் போய்விடும் என்ற எண்ணம்தான் சின்ன அடைப்பைப் பெரிய துப்புரவு வேலையாக்குகிறது. ஹோஸ் இணைப்பிலிருந்து கழன்று, உள்ளே இருப்பதெல்லாம் அறைக்குள் கொட்டிவிடும்; இல்லையென்றால் பம்ப்பின் பிளாஸ்டிக் உடல் விரிசல் விடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். வெளியேறும் சீகாக், அதாவது படகின் அடியில் உள்ள துளையை மூடித் திறக்கும் வால்வு, திறந்திருக்கிறதா? கழிவைத் தொட்டிக்கோ கடலுக்கோ திருப்பும் ஒய்-வால்வு முழுதாகத் திரும்பாமல் நடுவில் நிற்கிறதா? தொட்டி நிறைந்துவிட்டதா? அடைப்பு என்று சொல்லப்படுபவற்றில் பல இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

அடைப்பு எந்தப் பக்கம் என்று பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். அதற்கு பம்ப் வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஜாப்ஸ்கோ நிறுவனம் செய்வது போன்ற சாதாரண கைப்பம்ப்பில் பிஸ்டனுக்கு மேலே சுத்தமான கடல்நீர் இருக்கும், கீழே கழிவு இருக்கும். கைப்பிடியை மேலே இழுக்கும்போது கிண்ணத்தில் இருப்பது பிஸ்டனுக்குக் கீழே இறங்கும். அதே நேரத்தில் மேலே இருந்த கடல்நீர் கிண்ணத்துக்குப் போகும். கீழே அழுத்தும்போது கழிவு ஹோஸுக்குள் தள்ளப்படும். புதுக் கடல்நீர் மேலறைக்குள் வரும்.

ஆகவே கீழே அழுத்தும்போது கடினமாக இருந்து, விட்டதும் கைப்பிடி தானாக மேலே எம்பினால், அடைப்பு வெளியேறும் பக்கம். மேலே இழுக்கும்போது கடினமாக இருந்தால், கிண்ணத்துக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஏதோ சிக்கியிருக்கிறது, அல்லது கிண்ணத்துக்குத் தண்ணீர் போகும் சிறு ஹோஸ் அடைத்திருக்கிறது. பம்ப்பில் உள்ள நெம்பு ‘வெட்’ (கடல்நீரை இழுக்கும்) பக்கம் இருக்கும்போது கீழே அழுத்தக் கடினம், ‘டிரை’ (இழுக்காத) பக்கம் தள்ளியதும் சுலபம் என்றால், கடல்நீர் உள்ளே வரும் பாதையில்தான் கோளாறு. எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடி காற்றில் ஆடுவதுபோல ஆடினால் அது அடைப்பே அல்ல. பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது பிஸ்டன் தண்டிலிருந்து கழன்றிருக்கும்.

வெளியேறும் பக்கம்தான் அடைப்பு. எந்த வரிசையில் பிரிப்பது?

கிண்ணத்துக்குப் பக்கத்தில் தொடங்கி வெளியே போக வேண்டும். அடைப்பு பெரும்பாலும் நிற்கும் இடங்கள்: பம்ப் வெளிவாயில் உள்ள ஜோக்கர் வால்வு (கழிவைத் திரும்பி வர விடாத ரப்பர் வால்வு), ஹோஸின் முதல் வளைவு, ஒய்-வால்வு, தொட்டியின் உள்வாய்.

1. உள்ளே வரும் சீகாக், வெளியே போகும் சீகாக் இரண்டையும் மூடுங்கள். மூடிய பிறகு கையால் தள்ளிப் பார்த்து உறுதி செய்யுங்கள். இது நீங்கள் மறக்கவே கூடாத படி. நீர்மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே உள்ள 38 மி.மீ. துளை திறந்து கிடந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லிட்டர் கடல்நீர் உள்ளே வரும்.
2. கிண்ணத்தில் இருப்பதைக் கோப்பையால் மொண்டு மூடியுள்ள வாளியில் ஊற்றுங்கள். கண்ணாடி, முழங்கை வரை வரும் கையுறை இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஹோஸுக்குள் அழுத்தம் மிச்சமிருந்தால் முதல் திருகு கழன்றதும் முகத்தில் அடிக்கும்.
3. பம்ப்பின் வெளிவாயில் முழங்கைபோல வளைந்த குழாயைத் தாங்கும் திருகுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய துணியை மேலே போர்த்திக்கொண்டு அழுத்தம் மெதுவாக இறங்க விடுங்கள்.
4. அந்த வளைந்த குழாயை இழுத்ததும் ஜோக்கர் வால்வு தெரியும். சிக்கியதை நீண்ட இடுக்கியால் எடுங்கள். பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்தால் திரும்பப் பூட்டும்போது திகைக்க வேண்டாம்.
5. அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஹோஸின் மறு நுனிக்குப் போங்கள்.

ஹோஸை எந்த அளவு அடைப்பு நிரப்பியிருக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு: 38 மி.மீ. ஹோஸ் ஒரு மீட்டருக்குச் சுமார் 1.1 லிட்டர் பிடிக்கும். மூன்று மீட்டர் ஹோஸைத் திறந்தால் மூன்றரை லிட்டர் வரை வெளியே வரலாம். வாளி சிறியதாக இருந்தால் வேலை நடுவில் நிற்கும்.

வீட்டில் பயன்படுத்தும் ரப்பர் உறிஞ்சி, கம்பிச் சுருள் இதெல்லாம் உதவுமா?

ரப்பர் உறிஞ்சியை மெதுவாக, மேலே இழுக்கும் பக்கத்துக்கு மட்டும் அழுத்தம் கொடுத்துப் பயன்படுத்தலாம். கீழே ஓங்கிக் குத்தினால் வால்வுகளுக்கும், ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களுக்கும் கேடு. கம்பிச் சுருளைக் கிண்ணம் வழியாக விட வேண்டாம். ஜோக்கர் வால்வைக் கிழித்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். தளத்தில் இருக்கும் கழிவு உறிஞ்சும் வாய் வழியாகவோ, கழற்றிய ஹோஸின் நுனி வழியாகவோ விடலாம். தள்ளுவதைவிட உறிஞ்சுவது எப்போதும் பாதுகாப்பு: ஹோஸின் நுனியில் ஈரமும் உலர்வும் இழுக்கும் வாக்குவம் கிளீனரை வைத்து இழுத்தால், வந்த வழியே அடைப்பு திரும்பி வரும்.

பேப்பர்கூடப் போடவில்லை. பிறகு எப்படி அடைத்தது?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான கேள்வி. பல ஆண்டு ஓடிய படகில் அடைப்புக்குக் காரணம் ஒரு நாள் விழுந்த பொருள் அல்ல. ஹோஸின் உள்சுவரில் மெல்ல மெல்லப் படிந்த சுண்ணாம்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. ஏறியதும் கால்சியம் கார்பனேட், பாஸ்பேட், மக்னீசிய உப்புகள் கரைந்திருக்க முடியாமல் சுவரில் ஒட்டுகின்றன. உப்புத் தண்ணீர் கொதித்த பாத்திரத்தின் அடியில் வெள்ளை படிவது போலத்தான். இங்கே கொதிக்க வைக்கத் தேவையில்லை, தேங்கி நின்றாலே போதும்.

சுவரில் ஆறு மி.மீ. படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 38 மி.மீ. விட்டம் 26 ஆகிறது. கேட்கும்போது பெரிய இழப்பாகத் தெரியாது, ஆனால் பாதையின் பரப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. அதற்கு மேல் அந்தச் சுவர் கரடுமுரடானது. மிருதுவான ஹோஸில் வழுக்கிக்கொண்டு போயிருக்கும் பேப்பர்த் துண்டு இங்கே பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு பேப்பரின் மேல் பழி விழுகிறது, உண்மையான வேலையைச் செய்தது நான்கைந்து வருடச் சுண்ணாம்பு.

நல்ல தண்ணீர் ஏரிகளிலும் ஆறுகளிலும் ஓடும் படகில் இந்தப் படிவு மிகக் குறைவு.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் எத்தனை தடவை அடிக்க வேண்டும்?

கிண்ணம் சுத்தமானதும் நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கிண்ணம் சுத்தமாகியிருக்கும், கழிவு ஹோஸின் நடுவில் நின்றுகொண்டிருக்கும். அது வளைவின் உச்சியைத் தாண்டும் வரை அடிக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்தியதும் பின்வாங்கி ஜோக்கர் வால்வின் மேல் வந்து உட்காரும்.

உங்கள் பம்ப்புக்கு எத்தனை என்பதை நீங்களே அளந்துவிடலாம். கிண்ணத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, நெம்பை ‘டிரை’யில் வைத்து, காலியாகும் வரை எண்ணுங்கள். எட்டு முறை அடித்ததில் காலியானால் ஒரு முறைக்குக் கால் லிட்டர். பம்ப்பிலிருந்து வளைவின் உச்சிவரை ஹோஸ் இரண்டு மீட்டர் என்றால் அதில் 2.3 லிட்டர் இருக்கிறது. ஆக ஒன்பது, பத்து முறை அடிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை ஒரு அட்டையில் எழுதிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். விருந்தினரிடம் வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும். சிறுநீர் மட்டும் என்றாலும் அதே எண்ணிக்கைதான். சுண்ணாம்புக்கு விதை போடுவதே சிறுநீர்தான்.

வாரா வாரம் வினிகர் ஊற்றினால் போதுமா?

புதிய ஹோஸில் தொடங்கினால் நல்ல பழக்கம். வெறும் ஐந்து சதவீத அசிட்டிக் அமிலம் என்பதால் இது படிவைத் தள்ளிப்போடும்; கட்டியாகிவிட்டதைக் கரைக்காது. ஊற்றும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். அரை லிட்டர் வினிகரைக் கிண்ணத்தில் ஊற்றி ஒரே மூச்சில் அடித்தால் அது நேராகத் தொட்டிக்குப் போய்விடும். முதலில் சிறுநீரும் கடல்நீரும் வெளியேற வழக்கமான எண்ணிக்கையை அடியுங்கள், கிண்ணத்தை உலர்த்துங்கள், பிறகு வினிகரை ஊற்றி இரண்டு அடி மட்டும் அடியுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு அடி என்று நகர்த்தினால் அது ஹோஸ் முழுவதையும் தொட்டுக்கொண்டு போகும். இரவு படுக்கப் போகும்முன் தொடங்கி, கடைசிப் பங்கைக் காலைவரை நிற்க விடலாம்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) உதவும். 100 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கரைத்தால் போதும். இதை நீண்ட நேரம் விட்டுவிடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கால்சியம் சிட்ரேட் தானே கரைய மறுக்கும் உப்பு.

பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா?

கட்டியான சுண்ணாம்பை உண்மையில் கரைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஊற்றலாம், ஆனால் நிபந்தனைகளோடு. புட்டியில் 30 சதவீதம் என்றிருந்தால் இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட்டைச் சேர்த்துப் பத்து சதவீதமாக்குங்கள். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. ஒருமுறைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றி நுரை அடங்கும்வரை காத்திருந்து, இரண்டு அடி அடித்து நகர்த்தி, மீண்டும் காத்திருங்கள்.

பத்து சதவீத ஆசிட் ஒரு லிட்டர் ஏறத்தாழ 145 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். அப்போது 35 லிட்டர் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அந்த வாயு போக வழி வேண்டும். சீகாக்கையும் ஒய்-வால்வையும் மூடி வைத்துக்கொண்டு ஆசிட்டை அடைத்து வைத்தால், நுரை கிண்ணம் வழியாக உங்கள் மேலேயே வரும். மேல்மூடிகளையெல்லாம் திறந்து, விசிறி போட்டு வேலை செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை: அலுமினியத் தொட்டிக்கும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிக்கும் இந்த ஆசிட் போகவே கூடாது, இரண்டையும் அரித்துவிடும். வெண்கலச் சீகாக்கில் தேங்கவும் கூடாது. பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தாலும், பழைய கழிவு நிறைந்திருக்கும்போது ஆசிட்டை அனுப்பாதீர்கள். நாட்பட்ட கழிவில் உள்ள சல்ஃபைடுடன் ஆசிட் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அது உயிரைப் பறிக்கும் வாயு. முதலில் தொட்டியை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரால் அலசிவிட்டுப் பிறகுதான் ஆசிட்.

அடைப்பு நீக்கும் தூள், ப்ளீச் இவற்றைப் பற்றி?

வேண்டாம். அடைப்பு நீக்கும் தூளில் இருப்பது காஸ்டிக் சோடா. சுண்ணாம்பின் மேல் அதற்கு ஒரு வேலையும் இல்லை. அடைப்பு நீங்காவிட்டால் அந்தக் காரத்தண்ணீர் ஹோஸுக்குள் நின்றுகொண்டிருக்கும். அடுத்துத் திறக்கும் நீங்கள்தான் அதில் கை வைக்க வேண்டியிருக்கும். ப்ளீச் ரப்பர் பாகங்களை விறைக்கச் செய்யும். ப்ளீச்சோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு. சிறுநீர் சேர்ந்தால் குளோரமின். சின்ன அறை, தாழ்ந்த கூரை, ஒரே கதவு. அங்கே இந்தச் சோதனை கூடாது.

ஹோஸையே கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி?

படிவு தடித்துவிட்டால் இதுதான் நேர்வழி. இணைப்பில் ஹோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளாம்ப்களைக் கழற்றியபின், சூடான தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் சுற்றி வையுங்கள். கொதிநீர் வேண்டாம், 60 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. இளகத் தொடங்கும். பிறகு முறுக்கி இழுங்கள். வரவில்லையென்றால் நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்து, ஹோஸின் நுனியை ஐந்து செ.மீ. வெட்டிவிடலாம், இணைப்பின் பிளாஸ்டிக்கைக் கீறிவிடாதீர்கள், அந்தக் கீறல் வழியாகக் கசியும்.

கழற்றிய ஹோஸைக் கரைக்குக் கொண்டுபோய், இரு நுனியையும் பையால் கட்டி, சிமெண்டுத் தரையில் நன்றாக அடியுங்கள். உள்ளே சுண்ணாம்பு ஓடு ஓடாக உடையும். கொட்டிவிட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஆனால் ஈரத் துணிச் சோதனையில் தோற்ற ஹோஸுக்கு இந்த உழைப்பு வீண். அந்தச் சோதனை இப்படி: சூடான ஈரத் துணியால் ஹோஸின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஆறியதும் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் ஹோஸின் சுவரே நாற்றத்தைக் கடத்துகிறது. புதிதாக மாற்றுங்கள். பூட்டும்போது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் தடவினால் சுலபமாக ஏறும். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு கிளாம்ப்.

ஜோக்கர் வால்வை எப்போது மாற்ற வேண்டும்?

முழுநாளும் படகிலேயே வாழ்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, வார இறுதியில் மட்டும் போகிறவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இது வாத்தின் அலகுபோல ஒரு பிளவுள்ள ரப்பர்க் கூம்பு. கழிவு வெளியே போக விடும், திரும்பி வர விடாது. அதன் உதடுகளில் சுண்ணாம்பு படிந்தால் மூடாது, விறைத்தால் திறக்காது. பூட்டும்போது கூம்பின் முனை கழிவு போகும் திசையை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் முதல் அடியிலேயே பம்ப் இறுகிவிடும், புது அடைப்பு என்று நினைத்து மறுபடி தேடிக்கொண்டிருப்பீர்கள். பிஸ்டன் தண்டுக்கும் ஓ-ரிங்குக்கும் சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி பல வகை ரப்பரை உப்பவைக்கும்.

கிண்ணத்தில் தண்ணீர் தானாக ஏறுகிறது. அடைப்பா?

தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கலங்கலாக, கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் ஜோக்கர் வால்வு கசிந்து ஹோஸில் இருந்தது திரும்பி வந்திருக்கிறது. அருவருப்புதான், ஆபத்து இல்லை. தெளிந்த கடல்நீர் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், உடனே உள்வரும் சீகாக்கை மூடுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகில் இது படகையே மூழ்கடிக்கும். இதற்குத் தடுப்பு, தலைகீழ் ‘யு’ போல வளைந்து உச்சியில் சிறு காற்று வால்வுள்ள குழாய். உள்வரும் பக்கத்தில் இது பம்ப்புக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் வர வேண்டும். பம்ப்புக்கு முன்னால் வைத்தால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். படகு சாய்ந்து ஓடும்போதும் அந்த உச்சி நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். உச்சியில் இருக்கும் வால்வில் உப்பு படிந்து அடைத்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

தொட்டி காலிதான். ஆனாலும் அடிக்க அடிக்க இறுகுகிறது, கிண்ணம் களகளவென்கிறது.

தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருக்கிறது. உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு லிட்டர் காற்று வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக் கழிவைத் திருப்பி அனுப்பும். இந்த நிலையில் கரையில் உறிஞ்சு பம்ப்பை மாட்டினால் எதிர்மாறாக நடக்கும்: காற்று உள்ளே வர முடியாமல் தொட்டி உள்வாங்கி நசுங்கலாம், வெடிப்பும் விடலாம்.

காற்றுக்குழாயின் வெளிவாய் படகின் பக்கவாட்டில் இருக்கும். அங்கே குளவிக் கூடு, உப்பு, பெயின்ட் எது வேண்டுமானாலும் அடைத்திருக்கலாம். தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பியிருந்தால் உள்நுனியில் கழிவே அடைத்திருக்கும். வெளியிலிருந்து தோட்டத்துக் குழாயை வைத்துக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். அப்போது தளத்தில் உள்ள உறிஞ்சும் வாயின் மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் 16 மி.மீ. காற்றுக்குழாயை 25 மி.மீ. ஆக்குங்கள். காற்று நன்றாக வந்துபோகும் தொட்டியில் ஆக்சிஜனோடு வாழும் நுண்ணுயிர்கள் வேலை செய்யும், நாற்றம் குறையும். காற்றில்லாத தொட்டியில்தான் அழுகிய முட்டை வாடை வருகிறது. அந்த வாடையைத் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் அளவு 100 பி.பி.எம்.மை (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்றால் ஆபத்தும் போய்விட்டது என்று பொருளல்ல.

உறிஞ்சி எடுத்த பிறகும் தொட்டி சீக்கிரமே நிறைகிறதே?

தண்ணீர் குறைவாக விட்டுப் பழகிய தொட்டியில் உள்வாய்க்கு நேர் கீழே கழிவு கூம்பாகக் குவியும். உறிஞ்சும்போது தண்ணீர் மட்டும் போய், குவியல் நின்றுவிடும். கடைசியில் அது உள்வாயைத் தொட்டு அடைக்கும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நல்ல தண்ணீர் ஊற்றி, ஒருநாள் ஊற விடுங்கள். அந்த நிலையில் படகை அலையில் ஓட்டினால் இன்னும் நல்லது; ஆட்டத்தில் குவியல் கரைந்துவிடும். பிறகு உறிஞ்சி, மீண்டும் தண்ணீர் விட்டு உறிஞ்சுங்கள்.

நாலு நாள் கழித்து வந்து முதல் தடவை அடித்தால் அழுகிய முட்டை வாடை. தொட்டி சுத்தமாகத்தான் இருக்கிறது.

அது கழிவின் வாடை அல்ல. உள்வரும் ஹோஸில் தேங்கிய கடல்நீரிலிருந்த நுண்ணுயிர்களும் பாசியும் செத்து அழுகிய வாடை. படகை விட்டுப் போகும்முன் சீகாக்கை மூடி, உள்வரும் ஹோஸ் வழியாக நல்ல தண்ணீரை இழுத்து நிரப்பிவிட்டுப் போங்கள். முகம் கழுவும் தொட்டியின் வடிகாலை அந்த ஹோஸோடு இணைத்து வைத்தால், முகம் கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அடித்தால் போதும். குடிநீர்க் குழாயை மட்டும் கழிப்பறையோடு நேரடியாக இணைக்காதீர்கள்.

கடல்நீர் உள்ளேயே வரவில்லை.

சீகாக்கின் வெளிவாயில் கொட்டலசு பிடித்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் பையோ ஜெல்லி மீனோ உறிஞ்சப்பட்டிருக்கும். கேரளத்தின் வேம்பநாடு போன்ற காயல்களில் ஆகாயத்தாமரை வேர். சீகாக்கை மூடி, ஹோஸைக் கழற்றி, தண்ணீர்க் குழாயை வெளிப்பக்கமாகப் பிடித்து, பிறகு திறந்து தள்ளுங்கள். வால்வு மூடாமல் போனால் அடைப்பதற்கு, கையருகில் அந்தத் துளைக்குச் சரியான மரக் குச்சி ஆப்பு கட்டியிருக்க வேண்டும்.

மின்சாரக் கழிப்பறை ‘உம்’ என்று முனகுகிறது, சுற்றவில்லை.

பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், மோட்டார் எரிந்துவிடும். மின்சாரத்தை அணைத்துவிட்டு மோட்டாரின் பின்நுனியைப் பாருங்கள். பல வகைகளில் தண்டைத் திருகுளியால் கையால் சுற்ற ஒரு வெட்டு இருக்கும். முன்னும் பின்னும் சுற்றினால் சிறு சிக்கல் விடுபடும். விடுபடாவிட்டால் அரைக்கும் கத்தியில் துணியோ நூலோ சுற்றியிருக்கிறது. பிரித்துத்தான் ஆக வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அடைப்பு என்று முடிவுகட்டும்முன், மோட்டார் ஓடும்போது அதன் முனைகளில் வோல்ட் அளந்து பாருங்கள்; வோல்ட் குறைந்தாலும் மெதுவாகத்தான் சுற்றும்.

சமையலறைத் தொட்டி மெல்ல வடிகிறது.

தேயிலைத் தூள், சோறு, கறிவேப்பிலை, இவற்றை ஒட்டவைக்கும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும்; நெய்யும் அப்படித்தான். தமிழகக் கரையில் கடல் சூடாக இருப்பதால் இது தெரியாது. குளிர்ந்த கடலுக்குப் போனால் அதே சமையல், அதே பாத்திரம், வடிகால் மட்டும் மெழுகாகிவிடும். கழுவும்முன் பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். அடைத்துவிட்டால் வெந்நீரும் சோப்பும் ஊற்றி அரைமணி விட்டு, ரப்பர் உறிஞ்சியால் இழுங்கள். ஹோஸ் நடுவில் தொய்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். தொய்ந்த பள்ளத்தில்தான் எல்லாம் தங்கும், தாங்கி கொடுத்து நிமிர்த்தினால் பாதி வேலை முடிந்தது.

குளியலறைத் தண்ணீர் நிற்கிறது.

தலைமுடி. எண்ணெய் தேய்த்த தலைமுடியும் சோப்பும் சேர்ந்து பம்ப்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியில் கம்பளியாகிவிடும். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள். மிதவை சுவிட்சில் சோப்புப் பசை ஒட்டினால் அது எழாது, அல்லது எழுந்தது இறங்காது. பிந்தையதில் பம்ப் வறண்டு ஓடிக் கெடும். டயாஃப்ரம் பம்ப்பாக (ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரை இழுக்கும் வகை) இருந்து, ஓடியும் தண்ணீர் இழுக்கவில்லை என்றால், அதன் சிறு வால்வில் ஒரே ஒரு முடி சிக்கியிருந்தாலும் அப்படி ஆகும்.

எதைக் கிண்ணத்தில் போடலாம்? கழுவுவதற்குத் தண்ணீர் பயன்படுத்தலாமா?

உடலிலிருந்து வந்தது, கொஞ்சம் மெல்லிய டாய்லெட் பேப்பர், வேறொன்றும் இல்லை. ஈரத் துடைப்பான், ‘கரையும்’ என்று உறையில் எழுதியிருந்தாலும் கூடாது. நாப்கின், பல் இடுக்கு நூல், முடி எதுவும் கூடாது. நம்மவர் வழக்கப்படி தண்ணீரில் கழுவுவது படகுக் கழிப்பறைக்கு மிகவும் ஏற்றது: பேப்பர் இல்லை, நல்ல தண்ணீரும் ஹோஸில் சேர்கிறது. தொட்டியின் கொள்ளளவை மட்டும் கணக்கில் வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு லிட்டர், நான்கு பேர், ஐந்து தடவை என்றால் நாளைக்கு 20 லிட்டர். 60 லிட்டர் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு.

கடலில் நேரே விடலாமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்பு 2003 செப்டம்பர் 27 முதல் நடப்பில் உள்ளது. 400 டன்னுக்குக் குறையாத, அல்லது 15 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்ற, நாடு விட்டு நாடு போகும் கப்பல்களுக்கானது அது. அரைத்துக் கிருமிநீக்கம் செய்த கழிவுக்குக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால், செய்யாததற்குப் பன்னிரண்டுக்கு அப்பால், அதுவும் நான்கு நாட் வேகத்துக்குக் குறையாமல் ஓடும்போதுதான் விட அனுமதி. அமெரிக்காவில் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடச் சின்னப் படகுக்கும் தடை. ஒய்-வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பூட்டியோ கட்டியோ வைத்திருக்க வேண்டும். ஏரி, காயல், நங்கூரம் போடும் வளைகுடா இவற்றில் சட்டம் என்ன சொன்னாலும் விடாதீர்கள். அதே தண்ணீரில்தான் யாரோ குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்.

படகில் என்னென்ன உதிரிகள் வேண்டும்?

இரண்டு ஜோக்கர் வால்வு, உங்கள் பம்ப் மாடலுக்குரிய முழு ரப்பர் செட் ஒன்று, 38 மி.மீ. ஹோஸ் இரண்டு மீட்டர், 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப் எட்டு, சிலிகோன் கிரீஸ், நீண்ட இடுக்கி, நீண்ட கையுறை இரண்டு ஜோடி, கண்ணாடி, மரக் குச்சி ஆப்புகள். பிறகு இறுக மூடும் வாளி ஒன்று, அடைப்பு நள்ளிரவில் வந்தால் விடியும்வரை அதுவே கழிப்பறை.